‘தேவசித்தம் இல்லை’ என்று சொன்னது யார்?

கேள்வி: எனக்கு 54 வயது. தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து வந்து 27 வருடமாக பெங்களூரில் இருக்கிறேன். லிங்கராஜபுரம் பக்கம் ஒரு தமிழ்ச் சபையில் அங்கம். பத்து வருடமாக சண்டே ஸ்கூலில் பெரிய பிள்ளைகள் வகுப்பை நடத்துகிறேன். மகளுக்கு 26 வயது, ஐ.டி. வேலை. எங்கள் சபையிலேயே ஒரு குடும்பம், குருவானவரின் மனைவி மூலமாகப் பெண் கேட்டது. பையன் பாடகர் குழுவில் இருக்கிறான். நல்ல குணம், நல்ல வேலை. ஆனால் வேறு சமுதாயம். ஊரில் எங்களுக்குக் கீழே என்று சொல்வார்கள். ‘ஜெபத்தில் வைக்கிறோம்’ என்று சொல்லி, இரண்டு வாரம் கழித்து ‘தேவசித்தம் இல்லை’ என்று முடித்துவிட்டோம். அன்று ராத்திரி ஊரில் இருக்கும் என் அக்காவிடம் போனில் உண்மைக் காரணத்தைப் பேசியதை என் மகன் கேட்டுவிட்டான். அவனுக்கு 19 வயது. மேட்ரிமோனி தளத்தில் என் மகளின் விவரங்களை ஏற்றியதும் அவன்தான். ‘எங்கள் சமுதாயம் மட்டும்’ என்று போடச் சொன்னது நான். அடுத்த ஞாயிறு வகுப்பில் கலாத்தியர் 3:28 பாடம், கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று என்ற வசனம். பாட்டுக்கு கிட்டார் வாசிக்க வந்தவன் பாதியில் எழுந்து போய்விட்டான். வீட்டில் கேட்டதற்கு, ‘உங்க வேஷத்தைப் பார்க்க நான் ஆடியன்ஸ் இல்லப்பா’ என்றான். மூன்று மாதமாக ஆலயத்துக்கு வருவதில்லை. என் மனைவி தினமும் அழுகிறாள். நான் சண்டே ஸ்கூலை விட்டுவிடலாமா? அவனைத் திரும்பக் கொண்டுவருவது எப்படி? இலட்சியம் வேறு, நடைமுறை வேறு என்று அவனுக்கு யார் புரியவைப்பது?

— பெயர் வேண்டாம், பெங்களூர்

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் மகன் சொன்ன வார்த்தையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். வேஷம், ஆடியன்ஸ் என்று அவன் பேசியதை வாய்த்துடுக்கு என்று நினைத்திருப்பீர்கள். இயேசு பரிசேயர்களைக் கண்டிக்கும் இடங்களில் வரும் கிரேக்கச் சொல் ‘ஹுபோக்ரிட்டேஸ்’. நாடக நடிகனுக்கு அந்தக் காலத்துப் பெயர் அது, முகமூடி மாட்டிக்கொண்டு மேடையேறுகிறவன். உங்கள் வேதாகமத்தில் ‘மாயக்காரர்’ என்று இருக்கும். கத்தோலிக்கர்கள் வாசிக்கும் மொழிபெயர்ப்பில் ‘வெளிவேடக்காரர்’. கிரேக்கம் படிக்காத பையன் நேராக வேர்ச்சொல்லிலேயே கை வைத்திருக்கிறான். பத்து வருட சண்டே ஸ்கூல் வீண்போகவில்லை. பாடம் அவனுக்கு ஏறியிருக்கிறது.

(நானும் சண்டே ஸ்கூல் பிள்ளைதான். மனப்பாட வசனம் ஒப்பித்து சோப்பு டப்பா பரிசு வாங்கியவள். வெளியில் நின்று கல்லெறிகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

இலட்சியம் வேறு, நடைமுறை வேறு என்று அவனுக்குப் புரியவைக்கச் சொல்கிறீர்கள். அது அவனுக்குத் தெரியும். ஹெல்மெட் போடு என்று சொல்லிக்கொண்டே சிக்னல் தாண்டும் அப்பாக்களை இந்த ஊரில் பார்த்து வளர்ந்தவன்தானே? ‘நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்’ என்று பவுலே ரோமருக்கு எழுதியிருக்கிறார். சொன்னபடி வாழ முடியாமல் தடுமாறுவதற்கு வேதத்தில் நிறைய இடம் இருக்கிறது. உங்கள் மகன் கோபப்படுவது அதற்காக என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆலோசனை கேட்டு என் அறைக்கு வரும் பிள்ளைகளை வைத்துச் சொல்கிறேன். குடிக்கிற அப்பாவைப் பற்றிப் பேசும்போது அழுவார்கள். குடித்துவிட்டு, இருமல் மிட்டாய் வாசனையோடு குடும்ப ஜெபம் நடத்துகிற அப்பாவைப் பற்றிப் பேசும்போது சிரிப்பார்கள். எனக்குப் பயம் தருவது அந்தச் சிரிப்புத்தான். அழுகிற பிள்ளை இன்னும் அப்பாவிடம் எதையோ எதிர்பார்க்கிறது. உங்கள் மகன் இன்னும் சிரிக்க ஆரம்பிக்கவில்லை. மூன்று மாதமாக முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறான் என்றால், அவனுக்கு இன்னும் உங்களிடம் கணக்கு முடியவில்லை.

யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் இதையே வேறு விதமாகச் சோதித்தார்கள்: வேஷக்காரர்கள் மேல் நமக்கு ஏன் இவ்வளவு வெறுப்பு? ஒரு தப்பைக் கண்டித்துப் பேசுகிறவர், நான் அதைச் செய்கிறவன் இல்லை என்றும் மறைமுகமாக நமக்குச் சொல்லிவிடுகிறார். அந்தப் பொய்ச் செய்திதான் நம்மைச் சுடுகிறது என்பது அவர்கள் கண்டது. ‘இது தப்பு, ஆனால் நானும் சில சமயம் செய்கிறேன்’ என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறவரை மக்கள் அந்த அளவுக்கு வெறுப்பதில்லையாம். செய்த தப்பு இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

இதை வைத்து, சரி, ஒப்புக்கொண்டால் போதும் என்று இறங்கிவிடாதீர்கள். ‘நான் மகா பாவி’ என்று சொல்வது நம் ஜெபக் கூட்டங்களில் ரொம்பச் சுலபம். சத்தமாகச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து பழைய மாதிரியே இருக்கலாம். அதையும் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது சாதி இல்லை. அது புதிதா என்ன? ‘தேவசித்தம் இல்லை’ என்ற அந்த இரண்டு வார்த்தைதான். பயந்தது நீங்கள். ஊரில் அக்கா என்ன சொல்வாள், கல்யாண வீட்டில் சித்தப்பா மக்கள் முகத்தைத் திருப்புவார்களோ என்ற பயம். அது மனுஷப் பயம். அதை வைத்துக்கொண்டு நான் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டேன். ஆனால் அந்தப் பயத்தை எடுத்துக் கடவுள் கணக்கில் எழுதிவிட்டீர்கள். வேண்டாம் என்று சொன்னது நீங்கள், கையெழுத்து அவருடையது. கர்த்தருடைய நாமத்தை வீணிலே வழங்காதிருப்பாயாக என்று சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, சத்தியம் பண்ணாதே, கெட்ட வார்த்தை பேசாதே என்று விளக்குவோம். இந்த மாதிரி இடத்துக்குத்தான் அந்தக் கட்டளை முக்கியமாகப் பொருந்தும் என்பது என் கருத்து.

அப்புறம், அந்தக் குடும்பத்துக்கு உண்மைக் காரணம் தெரியாது என்று நினைக்கிறீர்களா? பெங்களூர்த் தமிழ்ச் சபைகளில் புதிதாக யார் வந்தாலும் முதல் கேள்வி ‘சொந்த ஊர் எது?’ இரண்டாவது, ‘ஊர்ல எந்தப் பக்கம்?’ மூன்றாவது கேள்விக்கு அவசியமே இருக்காது. அவர்களையும் அப்படித்தான் கேட்டிருப்பார்கள், அவர்களும் பதில் சொல்லியிருப்பார்கள். ஜெபித்துப் பார்த்தோம், தேவசித்தம் இல்லை என்று நீங்கள் சொன்ன நாளில் அந்த வீட்டு அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டு போயிருப்பார். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு வணக்கம் சொல்கிறாரா? சொல்லுவார். அந்த வணக்கத்தை உங்கள் மகன் பார்த்துக்கொண்டு நின்றிருப்பான்.

இது உங்கள் வீட்டில் மட்டும் முளைத்த செடியும் இல்லை. கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833-ல், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே விட வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சாதியை விடுவதற்குப் பதிலாகச் சபையை விட்டுப் போனார்கள். நாம் இன்றைக்கும் கண் மூடிப் பாடுகிற கீர்த்தனைகளைத் தந்த வேதநாயகம் சாஸ்திரியாரே சாதியை நீக்கும் அந்த முயற்சியை எதிர்த்து எழுதியவர். வடக்கன்குளத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய ஆலயத்துக்கு இரண்டு கூடங்கள். பேன்ட்டின் இரண்டு கால் மாதிரிப் பிரிந்து, ஒரே பீடத்தில் வந்து சேரும். யார் எந்தக் காலில் உட்காருவது என்பதை சாதி தீர்மானித்தது. பிஷப் வேண்டுமா வேண்டாமா என்று நூற்றாண்டுக் கணக்கில் ஒத்துப்போகாத சபைகள்கூட 1947 செப்டம்பர் 27-ல் சென்னையில் கூடி சி.எஸ்.ஐ. என்று ஒன்றாகிவிட்டன. கல்யாணப் பேச்சு மட்டும் இன்னும் ஒன்றாகவில்லை. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கை ஒன்றை வெளியிட்டு, திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை எழுத்திலேயே ஒப்புக்கொண்டது. ஆக, இது தெரியாத ரகசியம் ஒன்றும் இல்லை.

பையன் எந்தச் சமுதாயம் என்று நீங்கள் எழுதவில்லை. தலித் குடும்பமாக இருக்குமோ என்று நானாக ஊகிக்கிறேன். தப்பாக இருந்தால் இந்தப் பத்தியை விட்டுவிடுங்கள். 1950-ல் வந்த ஜனாதிபதி ஆணைப்படி தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமை கிடையாது. பின்னால் 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்கள் வெளியேதான் நிற்கிறார்கள். உங்கள் மதத்தில்தான் சாதி இல்லையே என்பது அதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணம். ஆக, சாதி இல்லை என்று சொல்லி சர்க்கார் அந்தப் பையனுக்கு ஒரு கதவைச் சாத்துகிறது. சாதி இருக்கிறது என்று சொல்லாமல் சொல்லி நீங்கள் இன்னொரு கதவைச் சாத்தியிருக்கிறீர்கள். பத்தொன்பது வயதில் இதைப் பார்க்கிறவனுக்கு ரத்தம் கொதிக்கத்தான் செய்யும்.

இத்தனை வருடம் வேதத்தைச் சொல்லிக்கொடுத்த நான் எப்படி இப்படி ஆனேன் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கடிதத்தின் வரிகளுக்கு நடுவில் அந்தக் கேள்வி இருந்தது. 1973-ல் வெளியான ஒரு பரிசோதனை உண்டு. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேரை, பக்கத்துக் கட்டடத்தில் போய்ச் சின்ன உரை ஒன்று நிகழ்த்தச் சொன்னார்கள். பாதிப் பேருக்குத் தலைப்பு, நல்ல சமாரியன் கதை; வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு நின்று உதவியவனின் கதை. போகிற வழியில் ஒருவரை இருமிக்கொண்டு, முனகிக்கொண்டு சுருண்டு உட்காரவைத்திருந்தார்கள். நேரம் நிறைய இருக்கிறது என்று நினைத்தவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். தாமதமாகிவிட்டது, ஓடு என்று சொல்லப்பட்டவர்களில் 10 சதவீதம். நல்ல சமாரியனைப் பற்றிப் பேசப்போகிறோம் என்பது மனதில் இருந்ததால் நின்று உதவுவது குறிப்பிடும்படி கூடவில்லை. அந்த மாணவர்கள் கெட்டவர்கள் இல்லை, வசனம் தெரியாதவர்களும் இல்லை. அவர்களை அவசரம் தள்ளிக்கொண்டு போனது. உங்களை ஊர் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. 27 வருடத்துக்கு முன்னால் விட்டுவந்த ஊர், போனில் அக்காவின் குரலாக வந்து உங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருக்கிறது.

சரி, சண்டே ஸ்கூலை விடலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். இப்போது வேண்டாம். ராஜினாமாக் கடிதம் கொடுத்தால் கமிட்டியில் நாலு பேர் வந்து சமாதானம் சொல்லுவார்கள், ‘பிரதர் எவ்வளவு தாழ்மை’ என்பார்கள். அதுவும் ஒரு காட்சியாக முடிந்துவிடும். உங்கள் மகன் அதையும் டிக்கெட் வாங்காமல் பார்ப்பான். வகுப்பில் எழுந்து நின்று வீட்டுக் கதையைச் சாட்சியாகச் சொல்வதும் வேண்டாம். அது உங்கள் மகளின் கதை, அவள் அனுமதி இல்லாமல் உங்களுக்கு அதைச் சொல்ல உரிமை இல்லை.

வேண்டுமானால் ஒன்று செய்யுங்கள். நீங்கள் நடத்திய வசனத்திலிருந்து ஒரு பக்கம் பின்னால் போங்கள். கலாத்தியர் இரண்டாம் அதிகாரம். பேதுரு அந்தியோகியாவில் புறஜாதியாரோடு, அதாவது யூதர் அல்லாதவர்களோடு, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து பந்தியிலிருந்து விலகுகிறார். ஊர்க்காரர்கள் வந்ததும் இலையை விட்டு எழுந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களும் சேர்ந்து ‘மாயம்பண்ணினார்கள்’ என்று பவுல் எழுதுகிறார், அதே வேஷம்தான். பர்னபாவும் இழுபட்டுப் போகிறார். பவுல் எல்லாருக்கும் முன்னால் பேதுருவை முகமுகமாய் எதிர்க்கிறார். யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை என்ற வரி அந்தச் சாப்பாட்டுச் சண்டைக்குப் பிறகுதான் வருகிறது. அசனப் பந்தியில் எல்லாரும் ஒன்றாக உட்காருவதைப் பெருமையாகச் சொல்கிற ஊர்ப்பக்கத்திலிருந்து வந்தவர் நீங்கள். வகுப்பில் அந்தக் கதையை மட்டும் சொல்லிவிட்டு, ‘பேதுரு ஏன் எழுந்து போனார்?’ என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். விளக்கம் நீங்கள் சொல்லாதீர்கள். பேதுரு என்ன பதில் சொன்னார் என்று அந்தக் கடிதத்திலும் இல்லை.

மகனிடம் பேசுவது அதற்கு முன்னால் நடக்க வேண்டும். மிகச் சுருக்கமாகப் பேசுங்கள். ‘நான் பயந்தேன். அதைத் தேவசித்தம் என்று சொன்னது பொய். நீ கேட்டது சரிதான்.’ அவ்வளவுதான். வசனம் வேண்டாம். ‘ஆனால்’ என்ற வார்த்தை வேண்டவே வேண்டாம்; அந்த ஒரு வார்த்தை முன்னால் சொன்ன மூன்றையும் அழித்துவிடும். ஆலயத்துக்கு வா என்று அன்றைக்குக் கூப்பிடாதீர்கள். கூப்பிட்டால், நீங்கள் மன்னிப்புக் கேட்டதே அவனை ஞாயிற்றுக்கிழமை உங்கள் பக்கத்தில் உட்காரவைக்கத்தான் என்று ஆகிவிடும். அவன் ஒன்றும் பேசாமல் போனால் போகட்டும். உங்கள் மனைவி அழுவதை அவனிடம் ஆயுதமாகக் காட்ட வேண்டாம் என்று அவரிடமும் சொல்லுங்கள். அவன் எப்போது திரும்பி வருவான் என்று எனக்குச் சொல்லத் தெரியாது, வராமலும் போகலாம்.

அவனிடமும் எனக்கு ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த விவரத்தை ‘எங்கள் சமுதாயம் மட்டும்’ என்று டைப் செய்தது அவன் விரல்தான். அன்றைக்கு அவனும் ஒன்றும் சொல்லவில்லை. இதை நீங்கள் அவனிடம் சொல்லக் கூடாது, அவனாகவே ஒருநாள் யோசிக்கட்டும்.

இப்போது மகள். ஐயா, உங்கள் கடிதத்தில் மகன் சொன்னது இருக்கிறது, மனைவி அழுதது இருக்கிறது, அக்காவிடம் பேசியது இருக்கிறது, அந்தப் பையனின் குணம்கூட இருக்கிறது. மகளைப் பற்றி வயதும் வேலையும் மட்டும்தான். அந்தப் பையனை அவளுக்குப் பிடித்திருந்ததா? ஒரே சபையில் வளர்ந்தவர்கள். ஒருவேளை பெண் கேட்டு வந்ததே அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்ட பிறகுதானோ? அல்லது அவளுக்கு இதில் அக்கறையே இல்லாமல், இப்போதைக்குக் கல்யாணமே வேண்டாம் என்று இருக்கிறாளோ? உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் நீங்கள் கேட்கவில்லை. இரண்டு வாரம் ஜெபத்தில் வைத்தீர்கள். மாடியறையில் இருந்தவளிடம் இரண்டு நிமிஷம் கேட்கவில்லை. 26 வயதுப் பெண்ணுக்குச் சட்டப்படி உங்கள் சம்மதம் தேவையே இல்லை. அப்படியிருந்தும் அவள் சும்மா இருக்கிறாள் என்றால் அது கீழ்ப்படிதலா, வருத்தமா, வெறுத்துப்போனதா என்று எனக்கு இங்கிருந்து தெரியவில்லை. மகனின் கோபத்தில் பாதி அவளுடையதாக இருக்கலாம் என்று மட்டும் தோன்றுகிறது. வீட்டில் ஒரு பிள்ளை பேசாமல் இருந்தால், இன்னொன்று அதற்கும் சேர்த்துக் கத்துவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அதனால் முதலில் அவளிடம் போங்கள். வீட்டில் வேண்டாம், நாலு பேர் காது இருக்கும். காக்ஸ் டவுன் பக்கம் ஏதாவது ஒரு தர்ஷினிக்குக் கூட்டிக்கொண்டு போய், நின்றபடி ஆளுக்கு ஒரு காபி. மேட்ரிமோனி விவரத்தை அதற்கு முன்னால் நிறுத்தி வையுங்கள்; போனை எடுத்து நிறுத்தியதைக் காட்டுங்கள். அப்புறம் கேளுங்கள்: ‘அந்த வீட்டுக்காரர்கள் வந்தபோது உன்னைக் கேட்காமல் முடிவெடுத்தேன். உனக்கு என்ன தோன்றியது?’ அவள் வேண்டாம் என்றிருந்தால், அது அவள் சொன்ன ‘வேண்டாம்’ ஆக இருக்கும். வேண்டும் என்றிருந்தால், அந்தப் பையனின் வீட்டுக்கு நீங்கள் நடந்து போக வேண்டியிருக்கும். தெரு தூரம்தான், ஆனால் கால் கனக்கும். அக்காவுக்கு என்ன சொல்வது என்பதை அதற்கும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உங்களால் அந்த அளவுக்குப் போக முடியாது, பயம் பெரிதாக இருக்கிறது என்றால், அதை அப்படியே மகளிடம் சொல்லுங்கள். ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று. அவள் அதைக் கேட்டு என்ன செய்வது என்று அவள் முடிவு செய்யட்டும்.

அவள் ஒருவேளை உடனே பேச மாட்டாள். ‘இப்ப எதுக்குப்பா கேக்கறீங்க’ என்று சொல்லலாம். இரண்டாவது காபி வாங்கிக் கொடுங்கள்.